முள்ளங்கிக் கூடையில் வந்த பிள்ளை

நூடுல்ஸ் கடைக்காரர் பிங் ஒரு வாத்து. ஒருநாள் அவருடைய கடையின் பின்கட்டில் காய்கறிக் கூடைகள் வந்திறங்குகின்றன. மற்றக் கூடைகளில் எல்லாம் சரியாக இருக்கிறது. முள்ளங்கிக் கூடையில் மட்டும் முள்ளங்கி இல்லை. அத்தனையையும் தின்றுவிட்டு, இன்னும் பசியோடு ஒரு பாண்டாக் குட்டி உட்கார்ந்திருக்கிறது. யாராவது தேடி வருவார்கள் என்று பிங் காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. குட்டியை உள்ளே தூக்கிப்போய், வயிற்றுக்கு ஊட்டி, குளிப்பாட்டி, தன் மகனாகவே வளர்த்துவிடுகிறார். பல வருடங்கள் கழித்து, நாடே கொண்டாடும் வீரனாகிவிட்ட அந்த மகன் வந்து நின்று தான் எங்கிருந்து வந்தவன் என்று கேட்கும்போது, இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கூடையை எடுத்துக் காட்டுகிறார்.

2011ஆம் ஆண்டு மே மாதம் வெளியான 'குங்ஃபூ பாண்டா' இரண்டாம் பாகத்தின் உயிர்நாடி இந்தக் காட்சிதான். சண்டையும் சிரிப்பும் நிறைந்த ஓர் அனிமேஷன் படம், வாத்து வளர்த்த பாண்டா யாருடைய பிள்ளை என்ற கேள்வியைத் தன் நடுவில் வைத்துக்கொண்டது. படம் திரைக்கு வந்த பிறகு ரசிகர்கள் அதே கேள்வியைப் படத்தைப் பார்த்தே கேட்டார்கள். கலிபோர்னியாவில் உருவாகி, சீன மலைகளையும் சீனச் சமையலையும் சீனத் தற்காப்புக் கலையையும் உடுத்திக்கொண்டு வந்த இந்தப் படம் யாருடையது? இரண்டாம் பாகம் வந்தால் முதல் பாகத்தோடு ஒப்பிட்டு நிறை குறை சொல்வதுதான் பொதுவான வழக்கம். இந்தப் படத்துக்கு வந்த எதிர்வினைகளில் ஆழமானவை அந்த வழக்கத்துக்குள் அடங்கவில்லை. உரிமை, வளர்ப்பு, பிறப்பு என்ற மூன்று சொற்களைச் சுற்றியே அவை எழுந்தன என்பது என் வாசிப்பு.

கதையை 2008இலிருந்து தொடங்க வேண்டும். ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் முதல் 'குங்ஃபூ பாண்டா' அந்த ஆண்டு ஜூன் மாதம் சீனாவில் திரையிடப்பட்டது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான், மே 12ஆம் தேதி, சிச்சுவான் மாகாணத்தின் வென்சுவான் பகுதியை நிலநடுக்கம் சிதைத்திருந்தது. பாண்டாக்களின் தாயகமும் அந்த மாகாணமே. பிணங்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கும் மண்ணில் பாண்டாவை வைத்துச் சிரிப்பதா என்ற கேள்வி எழுந்தது. அதனால் சிச்சுவானில் மட்டும் படம் சற்றுத் தாமதமாகவே திரைக்கு வந்தது. பாண்டா உருவங்களை வைத்துப் படைப்புகள் செய்துவந்த பெய்ஜிங் கலைஞர் ஜாவோ பன்டி, படத்தைப் புறக்கணிக்கும்படி கோரினார். ஹாலிவுட்டின் மீதே அவருக்குக் கோபம். இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், சூடானின் டார்ஃபூர் விவகாரத்தில் சீனாவின் நிலைப்பாட்டைக் கண்டித்துப் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் கலை ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். நிலநடுக்கத்தை முன்வினைப் பயனோடு முடிச்சுப்போட்டு நடிகை ஷேரன் ஸ்டோன் பேசிய பேச்சும் அப்போது ஆறாத புண்ணாக இருந்தது.

ஆனால் மக்கள் அரங்குக்குப் போனார்கள். சீனாவில் 10 கோடி யுவான் வசூலைத் தாண்டிய முதல் அனிமேஷன் படம் அதுதான். அங்கே எழுந்த உண்மையான விவாதமும் புறக்கணிப்பைப் பற்றியதல்ல. பாண்டா நம்முடையது, குங்ஃபூ நம்முடையது, இப்படி ஒரு படத்தை நாம் ஏன் எடுக்கவில்லை என்று அரசின் ஆலோசனை மன்றம் வரை பேசினார்கள். திரைப்பட இயக்குநர் லூ சுவான் ஒரு நாளிதழில் எழுதிய கட்டுரை இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஒலிம்பிக்குக்காக ஓர் அனிமேஷன் படம் எடுக்கத் தன்னைக் கேட்டதையும், படம் எப்படி இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவுகள் ஓயாமல் வந்ததையும், செய்கிற வேலையில் இருந்த மகிழ்ச்சி வடிந்து கடைசியில் விலகிக்கொண்டதையும் அவர் அதில் மறைக்காமல் எழுதினார். ஓர் அந்நியப் படத்தை முன்னிட்டு ஒரு கலைஞர் தன் நாட்டுப் படைப்புச் சூழலைப் பற்றி வாய்திறந்தார். முதல் பாகத்துக்குச் சீனாவிலிருந்து வந்த எதிர்வினைகளில் மிகவும் பயனுள்ளது அதுவே என்று நினைக்கிறேன்.

படக்குழுவும் காதைத் திறந்து வைத்திருந்தது. முதல் பாகம் வெளியான அதே 2008இல் அவர்கள் சிச்சுவானின் தலைநகரான செங்டுவுக்குப் போனார்கள். அங்குள்ள பாண்டா இனப்பெருக்க ஆய்வு மையத்தில் குட்டிகளைப் பார்த்தார்கள். தாவோயிச மரபில் புகழ்பெற்ற சிங்செங் மலையில் ஏறினார்கள். இரண்டாம் பாகத்தின் மூடுபனி மலைகளிலும், கூரை விளிம்பு வளைந்த மாடங்களிலும், நெருக்கமான கடைத்தெருக்களிலும் அந்தப் பயணத்தின் தடம் தெரிகிறது. படம் வந்ததும் செங்டுவாசிகள் தங்கள் மலையையும் தெருவையும் திரையில் அடையாளம் கண்டு மகிழ்ந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இடிபாடுகளாக உலகச் செய்திகளில் வந்த ஒரு வட்டாரம், இப்போது அழகான நிலமாகத் திரையில் விரிந்தது. எந்த விமர்சனமும் இதைச் சரியாக எடைபோட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

2011இல் படம் மே 28ஆம் தேதி சீனத் திரைகளுக்கு வந்தது. ஜூன் 1 அங்கே குழந்தைகள் தினம். ஜாவோ பன்டி மீண்டும் களத்தில் இறங்கி, இம்முறை செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்துப் புறக்கணிப்புக்கு அழைத்தார். பெய்ஜிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கொங் சிங்டொங் அவருக்குத் துணைநின்று, இது பண்பாட்டுப் படையெடுப்பு என்றார். பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் துறைக்குத் தலைமை வகித்த சுன் லிஜுன் இன்னொரு கவலையைச் சொன்னார். குழந்தைகள் தினத்தன்று எல்லாத் திரைகளையும் இந்தப் பாண்டாவுக்கே ஒதுக்கிவிட்டால் உள்ளூர்ப் படம் எங்கே போய் நிற்கும்?

இந்த மூவரையும் ஒரே கூண்டில் அடைத்து 'தேசியவாதிகள்' என்று எழுதிவிடுவது எளிது. அது நியாயமாகாது. முதல் இருவரும் பேசியது அடையாளத்தைப் பற்றி. சுன் லிஜுன் பேசியது அரங்கு எண்ணிக்கையைப் பற்றி, அதாவது தொழிலைப் பற்றி. அவர் இயக்கிய 'முயல் வீரனின் கதை' அதே ஆண்டு ஜூலையில் வெளிவரவிருந்தது. தடித்த, அப்பாவியான, சமையல் தெரிந்த ஒரு முயல் எதிர்பாராமல் தற்காப்புக் கலையின் ஆற்றலைப் பெறுகிற கதை அது. படம் வெளியானபோது, பாண்டாவின் நகல் என்று சொல்லிச் சீன ரசிகர்களே ஒதுக்கிவிட்டார்கள். உள்ளூர்ப் படம் என்ற காரணத்துக்காகக் கருணை காட்டவில்லை. அதே ரசிகர்கள் 'குங்ஃபூ பாண்டா' இரண்டாம் பாகத்துக்கு 60 கோடி யுவானுக்கு மேல் கொடுத்திருந்தார்கள். சீனாவில் அதுவரை வந்த அனிமேஷன் படங்களிலேயே அதிக வசூல் அது. புறக்கணிப்புக் குரல் ஒலித்தது உண்மை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு அது கேட்டிருக்கும். கேட்டும் அவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்.

ஏன் வாங்கினார்கள் என்பதற்கு ஒரு விடை, படம் சீனர்களுக்குத் தந்த சின்னச் சின்ன உரிமை உணர்வுகளில் இருக்கிறது. குருவாக வரும் செம்பாண்டாவின் பெயர் ஷிஃபூ. சீன மொழியில் அச்சொல்லுக்கே 'ஆசான்' என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் 'மாஸ்டர் ஷிஃபூ' என்று அழைக்கும்போது ஆசான் ஆசானாகிறது. ஆமைக் குருவின் பெயரான ஊக்வே, ஆமையைக் குறிக்கும் 'ஊக்வெய்' என்ற சீனச் சொல்லே. கதாநாயகன் 'போ' சீன வடிவத்தில் 'ஆபாவ்' ஆகிறான். 'பாவ்' என்றால் பொக்கிஷம். எந்த வீட்டிலும் பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடக்கூடிய பெயர். புலி, கொக்கு, குரங்கு, பாம்பு, கும்பிடுபூச்சி என்ற ஐந்து தோழர்களும் குங்ஃபூவில் உண்மையிலேயே வழங்கும் ஐந்து பாணிகளின் உருவங்கள். தற்காப்புக் கலை பயின்ற அனிமேஷன் கலைஞர் ரோடால்ஃப் கெனோடென் சண்டைகளை அமைத்திருந்தார். கொக்கு சிறகு விரித்து ஒற்றைக்காலில் நிற்பதையும் கும்பிடுபூச்சி முன்னங்காலால் வெட்டுவதையும் பார்த்த சீன ரசிகர், தான் சிறுவயதிலிருந்து அறிந்த அசைவை அங்கே கண்டார். அந்நியர் கையிலிருந்து வந்தாலும் ஊர்ச் சாப்பாட்டின் ருசி தப்பவில்லை.

இங்கே பாண்டாவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பாண்டா சீனாவின் தொன்மையான தேசியச் சின்னம் என்று நாம் பழகிப்போய் நினைக்கிறோம். சீனச் செவ்வியல் ஓவியத்தில் கொக்கும் குதிரையும் புலியும் நிறைந்திருக்கின்றன. பாண்டாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேற்குலக அறிவியலுக்கு அதை 1869இல் அறிமுகம் செய்தவர், சிச்சுவானில் தங்கியிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட். 1961இல் உலக வனவிலங்கு நிதியம் பாண்டாவைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டதற்கு, லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இருந்த சி-சி என்ற பாண்டா காரணமாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் சீன அரசு பாண்டாவை நட்பின் பரிசாக நாடுகளுக்கு அனுப்பியது. 1980களிலிருந்து பரிசு என்பது வாடகைக் கடன் என்றாயிற்று. இன்று வெளிநாட்டு விலங்குக் காட்சிசாலைகளுக்குக் கடனாகப் போகும் பாண்டாவும், அங்கே அதற்குப் பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம்.

ஆக, ஜாவோ பன்டி காக்க நினைத்த பாண்டா அடையாளத்தை உள்ளூரும் வெளியூரும் சேர்ந்தே உருவாக்கியிருக்கின்றன. இதைச் சொல்வதால் அவருடைய வருத்தம் பொய்யாகிவிடாது. ஒரு பொருளை நாம் நேசிக்கத் தொடங்கியது எப்போது என்பதை வைத்து அந்த நேசத்தை அளக்க முடியாது. ஆனால் உரிமை கோரும்போது வரலாறு நம் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்துகிறது. 2010 நவம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா விலங்குக் காட்சிசாலையில் ஒரு பாண்டாக் குட்டி பிறந்தது. இரண்டாம் பாகம் வெளியான ஆண்டில், கதாநாயகனுக்குக் குரல் கொடுத்த ஜாக் பிளாக் அதற்குப் 'போ' என்று பெயர் சூட்டினார். பெயர் ஹாலிவுட்டுடையது, பிறந்த மண் அமெரிக்காவுடையது, உரிமை சீனாவுடையது. சில ஆண்டுகளில் அந்தப் போ செங்டுவுக்கு அனுப்பப்பட்டது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. முதல் பாகம் அங்கே 21 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருந்தது. இரண்டாம் பாகம் 16.5 கோடியில் நின்றுவிட்டது. வெளியான அதே நாளில் 'தி ஹேங்ஓவர்' படத்தின் இரண்டாம் பாகமும் வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டது. முப்பரிமாணக் கண்ணாடிக்காகக் கூடுதல் கட்டணம் கொடுத்துக் கொடுத்துக் குடும்பங்கள் அலுத்துப்போயிருந்தன. ஆனால் உலக அளவில் படம் 66 கோடி டாலரைத் தாண்டி, முதல் பாகத்தை முந்தியது. தாய்நாட்டில் இறங்கியது, கதை நடக்கும் நாட்டில் ஏறியது. அனிமேஷன் படங்களின் வணிகக் கணக்கு கிழக்கே சாய்ந்த தருணங்களில் இதுவும் ஒன்று.

வசூல் கணக்கில் வராத ஓர் எதிர்வினையும் அமெரிக்காவில் எழுந்தது. தத்தெடுத்த குடும்பங்களிடமிருந்து அது வந்தது. 1992 முதல் சீனா தன் குழந்தைகளை வெளிநாட்டவர் தத்தெடுக்கச் சட்டப்படி அனுமதித்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை என்ற கொள்கை கடுமையாக இருந்த காலம். கைவிடப்பட்டவற்றில் பெண்குழந்தைகளே மிகுதி. சந்தை வாசலிலும் பாலத்தடியிலும் காவல்நிலையப் படிக்கட்டிலும் கண்டெடுக்கப்பட்டு அனாதை இல்லங்களுக்குப் போன குழந்தைகள், கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ சுற்றிவைக்கப்பட்ட குழந்தைகள். அவர்களில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்கக் குடும்பங்களுக்குப் போனார்கள். 2011இல் அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். விடுமுறை வார இறுதியில், சிரிக்கச் சிரிக்க ஒரு பாண்டாப் படம் என்று பெற்றோர் அழைத்துப்போய் உட்காரவைத்தபோது, திரையில் சீன மலைச்சரிவு வந்தது. ஒரு தாய் ஓடிவந்தாள். குழந்தையைக் கூடையில் ஒளித்துவைத்தாள். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

விளம்பரங்கள் இதைக் காட்டவில்லை. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பிள்ளையைத் தயார்செய்திருப்போம் என்று வருந்திய பெற்றோர் உண்டு. வீட்டில் இவ்வளவு நாளும் தொடங்கத் தயங்கிய பேச்சைப் படம் தொடங்கிவைத்தது என்று நன்றி சொன்னவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. புலி வீராங்கனைக்குக் குரல் கொடுத்த ஏஞ்சலினா ஜோலி, கம்போடியா, எத்தியோப்பியா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்த தாய். அவர் குரல் கொடுத்த புலியும் அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். மற்றக் குழந்தைகள் கண்டு அஞ்சியதால் தனித்துக் கிடந்தவள். சிறைக்கூடக் காட்சியில், யாரிடமும் இளகாத அந்தப் புலி போவைச் சட்டென்று அணைத்துக்கொள்கிறாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கை தொங்க நிற்கிறான். ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாக அந்த ஓர் அணைப்பைத் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள், வரைகிறார்கள், அதிலிருந்து கதைகளை வளர்க்கிறார்கள். பலர் அதைக் காதலாகப் பார்க்கிறார்கள். பெற்றோர் யாரென்று அறியாத இருவரின் உறவு என்று எனக்குப் படுகிறது.

இந்தக் காட்சிகளுக்குப் பின்னால் இருந்தவர் ஜெனிஃபர் யூ நெல்சன். தென்கொரியாவில் பிறந்து, 4 வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். முதல் பாகத்தில் கதைப்படக் குழுவுக்குத் தலைமை வகித்து, அதன் தொடக்கக் கனவுக்காட்சியை இயக்கியவர். பெரிய ஹாலிவுட் நிறுவனம் ஒன்றின் முழுநீள அனிமேஷன் படத்தைத் தனியொருவராக இயக்கிய முதல் பெண் அவர்தான். ஷென் என்ற வெள்ளை மயிலின் முன்கதை, சீனத் தோல்பாவை நிழலாட்டத்தின் சாயலில் தொடங்குகிறது. போவுக்குத் துண்டு துண்டாக வரும் நினைவுகள் கையால் வரைந்த தட்டைச் சித்திரங்களாக வருகின்றன. கடைசியில் முழு உண்மையும் நினைவுக்கு வரும்போது தட்டைச் சித்திரம் கரைந்து, படத்தின் நிகழ்காலத்துக்குரிய அதே கனத்தோடு தாய் அவன் முன் வருகிறாள். பாதி மறந்த ஒன்று எப்படித் திரும்பி வரும் என்பதை ஓவிய முறையின் மாற்றத்தாலேயே சொல்லிவிட்டார் நெல்சன். ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

ஷென்னைப் பற்றியும் ரசிகர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். கேரி ஓல்ட்மன் குரல் கொடுத்த இந்த மயில், வாணவேடிக்கையின் வெடிமருந்தைப் பீரங்கிக்குள் திணித்தவன். கறுப்பும் வெள்ளையுமான வீரன் ஒருவனால் அழிவாய் என்று ஆட்டுக்கிழவி குறிசொல்ல, பாண்டாக்களைக் கொன்று தீர்த்தவன். அதற்காகப் பெற்றோரால் நாடுகடத்தப்பட்டு, அவர்கள் தன்னை நேசிக்கவே இல்லை என்று நம்பியவன். அவர்கள் நேசித்தார்கள், அந்த நேசம்தான் அவர்களைக் கொன்றது என்று கிழவி சொல்லும்போது அவன் முகம் ஒரு கணம் மாறுகிறது. பெற்றோரை அறியாத பாண்டா ஒருபுறம், பெற்றோரின் அன்பை நம்ப மறுத்த மயில் மறுபுறம். வெறும் கோமாளிப் படம் என்று எண்ணி வந்தவர்களை இந்த இணை அசைத்துவிட்டது. 2011இல் 'இன்னொரு தொடர்ச்சி' என்று கடந்துபோன பலர் பின்னாளில் இதையே நான்கு பாகங்களிலும் சிறந்ததாகச் சொல்லும்போது, முதலில் குறிப்பிடுவது ஷென்னைத்தான்.

பீரங்கி வந்துவிட்டால் குங்ஃபூ செத்துவிடும் என்பது ஷென்னின் கணக்கு. சீன வரலாற்றை அறிந்தவருக்கு அது விளையாட்டுப் பேச்சு அல்ல. வெடிமருந்து பிறந்ததே சீனாவில்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீரங்கியோடு கப்பலில் வந்தவர்கள் வெளிநாட்டார். தற்காப்புக் கலைப் பயிற்சி உடலைத் தோட்டா துளைக்காமல் காக்கும் என்று நம்பித் திரண்ட 'பாக்சர்' கிளர்ச்சியாளர்களை 1900இல் எட்டு நாட்டுப் படைகள் ஒடுக்கின. அந்தத் தோல்வியின் நினைவுக்குப் பக்கத்தில், பீரங்கிக் குண்டை வெறுங்கையால் ஏந்தி, தடுக்காமல், அதன் வேகத்தோடே சுழன்று திருப்பி அனுப்பும் பாண்டாவை வைத்துப் பாருங்கள். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீர்த்துளியை உடையாமல் கைவழியே உருட்டிவிட ஷிஃபூ காட்டிய பாடம் அது. வலிமையை மென்மையால் வாங்கிக்கொள்ளும் தாய்ச்சிக் கலையின் அடிப்படையும் அதுவே. இயக்குநர் 1900ஐ நினைத்து எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்கும் கண்ணுக்குள் அந்த ஆண்டு இருந்தால் காட்சியின் கனம் கூடும்.

பாத்திரங்களை ரசிகர்கள் எவ்வளவு தூரம் தம்முடையவர்களாக்கிக்கொண்டார்கள் என்பது 2024 மார்ச்சில் நான்காம் பாகம் வந்தபோது தெரிந்தது. புதிதாக ஒரு நரி வந்தாள். பழைய ஐந்து தோழர்களைக் கதையிலிருந்து விலக்கிவைத்திருந்தார்கள். படம் முடியும் தறுவாயில் ஒரு வசனமும் இல்லாமல் தலைகாட்டினார்கள். உலக வசூல் 54 கோடி டாலரைக் கடந்தும் ரசிகர்களின் மனத்தாங்கல் தீரவில்லை. தோழர்களை இடத்துக்கு ஏற்றவாறு கழற்றி மாட்டும் பொம்மைகளாக நடத்திவிட்டார்கள் என்பதே முறையீடு. அது நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். இரண்டாம் பாகத்தில் பீரங்கியின் முன்னால் போவைத் தள்ளிவிட்டுத் தன் உடலில் அடியை வாங்கியவள் புலி. அதைப் பார்த்து அழுத பிள்ளைகள் இப்போது வளர்ந்த ஆண்களும் பெண்களும். அவர்களிடம் போய், புலி இம்முறை வேறு வேலையாக வெளியூர் போயிருக்கிறாள் என்று சொன்னால் எப்படி ஏற்பார்கள்?

சீனாவில் இரண்டாம் பாகத்துக்கு வந்த மறுமொழிகளில் நீண்டகாலம் நிலைத்தவை படைப்புகளாக வந்தன. ட்ரீம்வொர்க்ஸ் சீனப் பங்காளிகளோடு சேர்ந்து ஷாங்காயில் ஒரு கூட்டு நிறுவனத்தை 2012இல் தொடங்கியது. 2016இன் மூன்றாம் பாகத்தில் பாத்திரங்களின் வாயசைவு சீன மொழிக்கென்றே தனியாக உருவாக்கப்பட்டது. சீன ரசிகர்கள் 100 கோடி யுவான் கொடுத்தார்கள். அதற்குள் நிலவரம் மாறத் தொடங்கியிருந்தது. 2015இல் சுன் வுகொங் என்ற குரங்கரசனை வைத்துத் தியன் சியாவோபெங் எடுத்த சீன அனிமேஷன் படம் 95 கோடி யுவானைத் தாண்டி, பாண்டாவின் சாதனையை முறியடித்திருந்தது. 2019இல் 'நேஜா' என்ற சீன அனிமேஷன் படம் 500 கோடியைக் கடந்தது. 2025இல் அதன் இரண்டாம் பாகம் 1,500 கோடி யுவானையும் தாண்டி, உலகிலேயே அதிகம் வசூலித்த அனிமேஷன் படமானது. அதன் இயக்குநர் ஜியாவ்சி சிச்சுவானைச் சேர்ந்தவர். படத்தில் ஆசானாக வரும் தடித்த தாய்யி, சிச்சுவான் வட்டார உச்சரிப்போடு பேசுகிறார். காவல் பூதங்கள் இரண்டு, சிச்சுவானின் சான்சிங்துய் அகழாய்வில் கிடைத்த வெண்கல உருவங்களின் சாயலில் வருகின்றன. ஜியாவ்சியின் நிறுவனம் இருப்பது செங்டுவில், 2008இல் அமெரிக்கப் படக்குழு பாண்டாவைப் பார்க்க வந்திறங்கிய அதே ஊரில். நாம் ஏன் எடுக்கவில்லை என்று அன்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லக் கையெழுத்து இயக்கமோ புறக்கணிப்போ முன்வரவில்லை. பதினேழு வருட உழைப்பு முன்வந்தது. இடையில் 'முயல் வீரன்' போன்ற தோல்விகளும் அந்த உழைப்பில் சேர்த்தி.

தத்துக் குழந்தைகளின் கதை வேறு வழியில் போனது. 2024 செப்டம்பரில், வெளிநாட்டவருக்குக் குழந்தைகளைத் தத்துக்கொடுப்பதை, நெருங்கிய உறவினர் தவிர மற்றவர்களுக்கு, சீனா நிறுத்திக்கொண்டது. அன்று அரங்கில் பெற்றோரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மரபணுச் சோதனை செய்துகொண்டு, பிறந்த ஊரையும் பெற்றவளையும் தேடுகிறார்கள்.

இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியை அவர்கள் இன்று எப்படிப் பார்ப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன். போ வீட்டுக்குத் திரும்பி வந்து, தான் யாரென்று தெரிந்துகொண்டதாகச் சொல்லிப் பிங்கை அணைத்துக்கொள்கிறான், தான் அவருடைய மகன் என்கிறான். அத்தோடு படம் முடிந்திருக்கலாம். அடுத்த நிமிடமே திரை தொலைதூர மலைக்குத் தாவி, அங்கே உயிரோடு இருக்கும் பாண்டாத் தந்தை தன் மகன் பிழைத்திருப்பதை உணர்வதைக் காட்டுகிறது. அடுத்த பாகத்துக்குப் போட்ட வணிகத் தூண்டில் என்று அதை அப்போது பலர் கடிந்தார்கள். வளர்ப்புப் பெற்றோரின் அன்பைக் கடைசி நொடியில் குறைத்துவிட்டது என்றும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் பாகத்தில் பெற்ற தந்தை லீ வந்து மகனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் புறப்படும்போது, பிங் சும்மா இருக்கவில்லை. பயண மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு அவரும் கூடவே போய்விடுகிறார். ஜேம்ஸ் ஹாங் பிங்குக்குக் குரல் கொடுத்தார். 1929இல் மினியாபொலிஸில் சீனக் குடியேறிகளுக்குப் பிறந்து, 1950களிலிருந்து ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேடங்களாக நூற்றுக்கணக்கில் நடித்துத் தேய்ந்த கிழவர். அந்தக் குரலில் முதலில் மகனை யாரோ பறித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. பிறகு பாண்டாக் கிராமத்தில், மகனிடம் சொன்ன பொய் வெளிப்பட்டு லீ தனியே உடைந்து உட்கார்ந்திருக்கும்போது, பிங் பக்கத்தில் போய் அமர்கிறார். நீ வந்ததால் எனக்குக் குறையப்போகிறது என்று எண்ணினேன், பிள்ளைக்குக் கூடத்தான் போகிறது என்று இப்போது தெரிகிறது என்ற பொருளில் பேசுகிறார். சீனப் பதிப்பில் அந்த லீயின் குரல் ஜாக்கி சானுடையது. மூன்று பாகங்களின் ஆங்கிலப் பதிப்பிலும் குரங்குக்குக் குரல் கொடுத்து, பேச அதிகம் வரிகள் கிடைக்காமல் போனவர் அவர். சீன மொழியில் அவர் போவைப் பெற்ற தந்தையாகி, பிங்கின் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.